எழுவாய் இல்லாத மரணங்கள்

1

சங்ககிரி மலைக்கோட்டைக்கும் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் மத்தியச் சிறைக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். கோட்டையில் 1805ல் தீரன் சின்னமலையையும் அவர் சகோதரர்களையும் தூக்கிலிட்டார்கள். சிறையில் 1950ல் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். முதலாவதற்கு அரசு விழா உண்டு, சிலை உண்டு, தபால் தலை உண்டு. இரண்டாவதற்குக் கட்சிக்காரர்களின் அஞ்சலிக் கூட்டம் உண்டு. இந்த வித்தியாசத்தை அரசியல் விஷயம் என்று ஒதுக்கிவிட்டுக் கவிதைக்குத் திரும்பிவிடுவது நம் சிறு பத்திரிகைகளின் பழக்கம். எனக்கு இது முதலில் ஒரு மொழிப் பிரச்னையாகப் படுகிறது. அதனாலேயே இலக்கியப் பிரச்னையாகவும் படுகிறது.

சின்னமலையைப் பற்றி எழுதும்போது வாக்கியம் சுலபமாக அமைந்துவிடுகிறது. 'வெள்ளையர் அவரைத் தூக்கிலிட்டனர்.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. சேலம் சிறையைப் பற்றி எழுதும்போது அப்படி அமைவதில்லை. நம் பத்திரிகைத் தமிழ் இதற்கென்றே ஒரு தொடரை வைத்திருந்தது: துப்பாக்கிப் பிரயோகம். துப்பாக்கிப் பிரயோகம் 'நடந்தது', அல்லது 'செய்ய நேர்ந்தது'. அதில் இத்தனை பேர் 'மாண்டனர்'. மாள்வது தன்வினை. அதற்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வேண்டியதில்லை. மாம்பூ உதிர்வதுபோல மனிதர்கள் மாண்டுபோகிறார்கள். இலக்கண வசதி ஒன்று எப்படி நீதி வசதியாகவும் மாறிவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

சின்னமலையிடமிருந்து தொடங்கலாம். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து, ரயத்துகளோடு நேராக வரி பேசினார்கள். 1799ல் திப்பு விழுந்த பிறகு கோயமுத்தூர்ச் சீமையும் போயிற்று. அதுவரை திப்புவின் பக்கம் நின்ற பாளையக்காரர்களுக்கும் பட்டக்காரர்களுக்கும் எஞ்சியது கம்பெனியோடு மோதல் மட்டுமே. 1800 ஜூன் 3ந் தேதி கோயமுத்தூர்க் கோட்டையின்மேல் நடந்த தாக்குதல் தோற்றது. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இந்த 42 பேருக்கு விழா இல்லை. இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிரி வெள்ளைக்காரனாக இருந்தால் மட்டும் போதாது, இறந்தவனுக்கு ஒரு பெயரும் ஒரு வம்சமும் ஒரு கதையும் வேண்டும்.

சின்னமலைக்கு மூன்றும் இருந்தன. தீர்த்தகிரி என்பது இயற்பெயர். காங்கேயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் 1756ல் பிறந்தவர். ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு 1801லிருந்து 1804 வரை காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கம்பெனிப் படையோடு போரிட்டார். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை இருப்பதாகப் போய்ச் சொல் என்றார் என்பது கொங்குநாட்டில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. சமையற்காரன் காட்டிக்கொடுத்தான் என்பதும் கதைதான். காட்டிக்கொடுத்தவன் இல்லாமல் நம் வீரகதை எதுவும் முடிவதில்லை. எட்டப்பன், யூதாஸ், சமையற்காரன் - தோல்விக்குப் படைபலம் காரணம் என்று சொல்ல ஜனங்களுக்கு மனம் வருவதில்லை.

1805 ஜூலை 31ல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அன்று ஆடிப்பெருக்கு. இப்போது ஆடி 18 ஆகஸ்டு 2 அல்லது 3ந் தேதியில் வருகிறது. இரு நூற்றாண்டுகளில் இரண்டு நாட்காட்டிகளும் மெதுவாக விலகிப்போயிருக்கின்றன. அரசு விழா ஆடி 18ஐத் தொடர்கிறது. தபால் இலாகா 2005ல் தலை வெளியிட்டபோது ஜூலை 31ஐ எடுத்துக்கொண்டது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு 1997 வரை அவர் பெயர் இருந்தது. அந்தப் பெயரோடு பஸ்கள் ஓடின. கம்பெனி ஒரு மனிதனை மலைமேல் கொண்டுபோய் ஒழித்துவிட நினைத்தது. அவன் பெயரைப் பஸ்ஸின் விலாவில் எழுதித் திருப்பிக் கொண்டுவந்தது சரித்திரம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் தூக்குமேடையை மீட்டுக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த மீட்பில் அபாயமும் இருக்கிறது. சிலையாகிவிட்டவனைப் பற்றி நாம் ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை. அவனுடைய பயம், தயக்கம், கடைசி இரவு எதுவும் நமக்கு வேண்டாம். சிலைக்கு ஜாதி மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை மாலை போடுகிறவர்கள் அதைத்தான் எண்ணுகிறார்கள்.

3

சேலத்துக்கு வருவோம். மத்தியச் சிறை 1862ல் ஏற்பட்டது. 1950 பிப்ரவரியில் அங்கே கம்யூனிஸ்ட் கைதிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் வடக்கு மலபார் விவசாயிகள். மலபார் 1956 வரை சென்னை ராஜ்யத்தின் ஒரு ஜில்லா. ஆகவே கண்ணூர்ப் பக்கத்து விவசாயியைச் சேலத்தில் அடைப்பது நிர்வாகத்துக்கு ஒரு விஷயமே இல்லை. அவனுக்குத்தான் அது விஷயம். மொழி தெரியாத ஊர். பார்க்க வர வேண்டிய மனைவிக்கு ரயில்செலவுக்கு வழியில்லாத தூரம்.

அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு ஊரைச் சொல்கிறேன். காவும்பாயி. அங்கே மலைச் சரிவில் 'புனம்' சாகுபடி செய்துவந்தார்கள். வார்த்தை நமக்குப் புதிதல்ல. குறிஞ்சிப் பாட்டுகளில் தினைப்புனம் காத்த பெண்களை நாம் பாடமாகப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். அந்தப் புனம் இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது என்பதும், அதற்கு ஜன்மியின் அனுமதி வேண்டியிருந்தது என்பதும் நம் பாடத்தில் இல்லை. பட்டினிக் காலத்தில் புனம் செய்ய நிலம் கேட்டார்கள். ஜன்மி மறுத்தார். விவசாயிகள் குன்றின்மேல் கூடினார்கள். 1946 டிசம்பர் 30ந் தேதி மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் 5 பேர் செத்தார்கள். எஞ்சியவர்கள்மேல் வழக்கு, தண்டனை, சிறை. இடையில் 1947 ஆகஸ்டு வந்தது, போயிற்று. தண்டனை போகவில்லை.

1948ல் கல்கத்தாவில் நடந்த கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாவது காங்கிரஸ், கிடைத்தது சுதந்திரமே அல்ல என்று முடிவு செய்து, ரணதிவே தலைமையில் ஆயுதமெடுக்கும் பாதைக்குத் திரும்பியது. 1949ல் சென்னை ராஜ்யத்தில் கட்சிக்குத் தடை. சிறைகள் நிரம்பின. சிறைக்குள்ளும் போராட்டத்தைத் தொடர்வது என்பது அந்தக் காலத்துக் கட்சி முடிவு. தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்றார்கள், சாதாரணக் குற்றவாளிகளுக்குரிய வேலைகளைச் செய்ய மறுத்தார்கள். 1950 பிப்ரவரி 11ந் தேதி சிறைக்காவலர்கள் சுட்டார்கள். 22 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். கலவரத்தை அடக்கினோம் என்றது அரசுத் தரப்பு. திட்டமிட்ட கொலை என்றார்கள் பிழைத்தவர்கள். கைதிகள் ஏற்கெனவே சுவர்களுக்குள் இருந்தவர்கள் என்பதை இரண்டு தரப்பும் மறுக்கவில்லை.

காவும்பாயி வழக்கில் தண்டனை பெற்ற தளியன் ராமன் நம்பியாரும் ஓ. பி. அனந்தன் மாஸ்டரும் இறந்தவர்களில் இருவர். ராமன் நம்பியாரின் மகன் நாராயணன் நம்பியாரும் அதே சிறையில் கைதி. மகன் பிழைத்துக்கொண்டார். தந்தை செத்த நாளைப் பற்றி முதுமைவரை அவர் சொல்லிவந்தார். அவர் சொன்னது மலையாளத்தில்.

தேதியைக் கவனிக்க வேண்டும். ஜனவரி 26ல் குடியரசு. பிப்ரவரி 11 என்றால் 16 நாள். அரசியல் சாசனத்தின் 21வது ஷரத்து, சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்று சொல்லி 16 நாள். சின்னமலைக்கு இந்த ஷரத்து இல்லை.

4

சாவுக்குப் பிறகு வார்த்தைக்குக் காவல் போட்டார்கள். 1950 மார்ச் 1ந் தேதி, 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். அவர் நேராக உச்சநீதிமன்றத்துக்குப் போனார். மே 26ல் தீர்ப்பு: பொது அமைதி என்ற பெயரில் பேச்சுரிமையைத் தடுக்கச் சாசனம் இடம் தரவில்லை, தடை செல்லாது. அரசு என்ன செய்தது? சாசனத்தை மாற்றியது. 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லை 19வது ஷரத்துக்குள் கொண்டுவந்து வைத்தது.

இன்று பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசும் யாரும் 'ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை ராஜ்யம்' என்ற வழக்கைச் சொல்லாமல் இருப்பதில்லை. சட்டக் கல்லூரிகளில் பாடம். அந்தப் பாடத்தில் சென்னை ராஜ்யம் என்பது வெறும் பிரதிவாதியின் பெயராக நின்றுவிடுகிறது. அந்தத் தடைக்கு மூன்று வாரம் முன்பு அதே ராஜ்யத்தின் சிறையில் 22 பேர் செத்திருந்தார்கள் என்பது பாடத்துக்கு வெளியே போய்விடுகிறது. முந்நூறு பிரதி அச்சடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு எந்தச் சர்க்காரும் தடை போடுவதில்லை. அந்த அளவுக்கு நாம் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் நம்மிடையே உண்டு.

5

தூக்கிலும் துப்பாக்கியிலும் இறந்தவர்களை எழுதுவதில் கவிதைக்கு என்ன வேலை என்ற கேள்வி வரும்போது எனக்கு ஹாலந்து ஞாபகம் வருகிறது. 1940 மே 10ல் ஜெர்மன் படை நுழைந்தது. ராட்டர்டாம் நகரைக் குண்டுவீசி எரித்த பிறகு அந்த நாடு சரணடைந்தது. மறுநாளே பெர்னார்டஸ் ஐஸர்டிராட் என்பவர் கையால் எழுதிய பிரசுரம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார். தொழில், சித்திரத் திரைச்சீலைகளைச் சரிசெய்வது. கைவேலைப் பாடம் நடத்தும் ஆசிரியரும்கூட. அவரும் கூட்டாளிகளும் பிடிபட்டார்கள். 18 பேருக்கு மரண தண்டனை. அதில் மூவர் வயது குறைந்தவர்கள் என்று ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். ஆனாலும் 1941 மார்ச் 13ந் தேதி ஹேக் நகரத்துக்கு வெளியே வால்ஸ்டார்ப் மணல்மேட்டில் சுடப்பட்டவர்கள் 18 பேர்தான். மீதி மூவர் கம்யூனிஸ்டுகள். யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனதை எதிர்த்து பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் பிடிபட்டவர்கள்.

யான் கம்பர்ட் என்ற கவிஞன் இந்தப் பதினெட்டுப் பேரைப் பற்றி ஒரு கவிதை எழுதினான். விடிந்தால் சாகப்போகிற ஒரு கைதி தன் அறையில் இருந்து பேசுவதாக அமைந்த கவிதை. கம்பர்ட் அவர்களில் ஒருவன் அல்ல. யூதர்களை எல்லை கடத்த உதவியதற்காக 1942ல் பிடிபட்டு, 1943 ஜனவரியில் நொயன்காமா முகாமில் செத்தான். அவன் செத்த பிறகு அந்தக் கவிதையை ஒற்றைத் தாளில் ரகசியமாக அச்சடித்து விற்றார்கள். மறைத்து வைக்கப்பட்ட யூதக் குழந்தைகளுக்கு அந்தப் பணத்தில்தான் சோறு. அந்த ஒற்றைத் தாளிலிருந்து கிளைத்த பதிப்பகம் இன்றும் இருக்கிறது. 'சுறுசுறுப்பான தேனீ' என்று பெயர். கவிதையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லக்கூடிய பதிலில் அழகியல் எதுவும் இல்லை. ஒரு கவிதை சில குழந்தைகளுக்குச் சோறு போட்டது.

அந்த நாட்டிலேயே வெர்க்மன் என்று ஓர் அச்சுக்காரன். க்ரோனிங்கன் நகரில் தன் கை அச்சகத்தில் 'நீலப் படகு' என்ற வரிசையில் நாற்பது சிறு வெளியீடுகளைக் கொண்டுவந்தான். உருளையாலும் மர எழுத்தாலும் நேராகத் தாளில் ஓவியம் அச்சிட்டான். 1945 ஏப்ரல் 10ல் சுட்டார்கள். ஆறே நாளில் அவனுடைய ஊர் விடுதலை ஆயிற்று. விடுதலைச் சண்டையில் பறிமுதலாகியிருந்த அவன் ஓவியங்களில் பல எரிந்துபோயின. சிறு பத்திரிகை நடத்துவது தியாகம் என்று நமக்குள் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். கடனைத்தான் தியாகம் என்கிறோம்.

வால்ராவன் வான் ஹால் என்ற பாங்கர் இன்னொருவர். நாட்டு மத்திய வங்கியின் பெட்டகத்தில் இருந்த உண்மையான அரசுக் கடன்பத்திரங்களை எடுத்துவிட்டு அதே இடத்தில் போலிகளை வைத்து, உண்மையானதைப் பணமாக்கி, சுமார் 5 கோடி கில்டர் தலைமறைவாக இருந்தவர்களின் குடும்பங்களுக்கும் வேலைநிறுத்தம் செய்த ரயில்வேக்காரர்களுக்கும் போய்ச்சேரச் செய்தார். 1945 பிப்ரவரி 12ல் ஹார்லமில் சுட்டார்கள். பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவன் என்பதால் இந்த விஷயம் எனக்குத் துப்பாக்கிச் சாகசங்களைவிட நன்றாகப் புரிகிறது. பெட்டகம் இரண்டு சாவியால் திறப்பது. இருப்பு தினமும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே அங்கே எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று என்னால் கணக்குப் போட முடிகிறது. வீரம் என்பது பல சமயங்களில் ஒரு கையெழுத்தைப் போடாமல் இருப்பது, அல்லது ஒரு தொகையைச் சரிபார்க்காமல் இருப்பது. அந்த மனிதருக்கு ஆம்ஸ்டர்டாமில், மத்திய வங்கிக்கு எதிரே, நினைவுச் சின்னம் வைத்தது 2010ல்தான். விழுந்து கிடக்கும் ஒரு வெண்கல மரம்.

6

இதுவரை சொன்னது ஹாலந்தின் நல்ல முகம். அதோடு நிறுத்திக்கொண்டால் ஐரோப்பாவைக் காட்டி நம்மை அடித்துக்கொள்ளும் வழக்கமான கட்டுரை ஆகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது.

ஹன்னி ஸ்காஃப்ட் என்ற சட்டக் கல்லூரி மாணவி 1945 ஏப்ரல் 17ல் மணல்மேட்டில் சுடப்பட்டாள். போர் முடிய மூன்று வாரம்கூட இல்லை. அந்த வருஷ நவம்பரில் மகாராணி வில்ஹெல்மினாவே முன்னிலையில் இருக்க மரியாதைக் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அங்கே 422 பேர், அதில் அவள் ஒருத்திதான் பெண். ஆனால் அவள் கம்யூனிஸ்ட் சார்புள்ள குழுவில் வேலை செய்தவள். பனிப்போர் வந்ததும் அது மட்டும் நினைவுக்கு வந்தது. 1951ல் அவளுக்கு அஞ்சலி செலுத்தப் போன ஊர்வலத்தைத் தடை செய்து, ராணுவ வண்டிகளை நிறுத்தி வழிமறித்தார்கள். ஜெர்மானியர் கொன்ற பெண்ணின் கல்லறைக்குப் போகும் பாதையை ஹாலந்து அரசு மறித்தது. கம்பர்ட்டின் கவிதையில் பதினெட்டுப் பேரும் ஒன்றாக நின்றார்கள். பத்து வருஷத்தில் அரசு அவர்களைப் பதினைந்தும் மூன்றுமாகப் பிரித்துவிட்டது என்று சொல்லலாம்.

இன்னும் கசப்பானது ஜாவாவில் நடந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்ட சில மாதங்களிலேயே அந்த நாடு இந்தோனேசியாவைத் திரும்பப் பிடிக்கப் படை அனுப்பத் தொடங்கியது. 1947 டிசம்பர் 9ல் மேற்கு ஜாவாவின் ராவகடே கிராமத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். கிராமத்தார் சொல்லும் கணக்கு 431. விதவைகள் வழக்குப் போட்டு ஹேக் நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது 2011ல். மன்னிப்பு அதே வருஷம் டிசம்பர் 9ல். 64 வருஷம். வால்ஸ்டார்ப் மணல்மேடும் அந்த நீதிமன்றமும் ஒரே நகரத்தைச் சேர்ந்தவை. தன்னவனை அந்நியன் சுட்ட இடத்தில் வருஷாவருஷம் மணியடிப்பதும், தான் அந்நியனைச் சுட்டதை அறுபது வருஷம் மறந்திருப்பதும் ஒரே மனத்துக்குச் சாத்தியம். அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல இதன் அர்த்தம். கொன்றவன் யார் என்பதைப் பொறுத்து ஞாபகம் வேலைசெய்கிறது என்பதுதான்.

7

நம்மிடமும் இதற்குச் சுத்தமான உதாரணம் இருக்கிறது. கய்யூர் வழக்கில் நான்கு விவசாய இளைஞர்களை 1943 மார்ச் 29ல் கண்ணூர்ச் சிறையில் தூக்கிலிட்டார்கள். அப்பு, சிருகண்டன், குஞ்ஞம்பு, அபூபக்கர். நிரஞ்சன 1955ல் கன்னடத்தில் 'சிரஸ்மரணெ' எழுதினார். 'நினைவுகள் அழிவதில்லை' என்ற பெயரில் அது தமிழுக்கு வந்து, இடதுசாரிகள் வீட்டில் மட்டுமல்லாமல் பலர் வீட்டிலும் இருக்கிறது. கய்யூருக்கும் காவும்பாயிக்கும் தூரம் அதிகமில்லை. அதே பகுதி விவசாயிகள், அதே கட்சி, அதே ஜன்மிப் பிரச்னை. ஒரே வித்தியாசம், 1943ல் கயிற்றை வெள்ளைக்காரன் சர்க்கார் பிடித்திருந்தது. 1950ல் துப்பாக்கியை நாம் பிடித்திருந்தோம். நால்வர் நாவலானார்கள். நம் ஊரில் செத்த 22 பேருக்குத் தமிழில் அப்படி ஒரு இடம் அமையவில்லை.

'நாம் எழுதத் தெரியாதவர்கள்' என்றும் சொல்ல முடியாது. 1968ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தபோது ஞானக்கூத்தன் கவிதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். அந்த நாவலோடு சண்டை போடலாம், பலர் போட்டார்கள். சண்டை போட ஒரு பிரதி இருந்தது. கீழ்வெண்மணியில் கொன்றவன் யார் என்று தெரியும். மிராசுதார். இலக்கணம் தடுமாறவில்லை. சேலத்தில் கொன்றவன் நாமே ஓட்டுப் போட்டு ஏற்படுத்தப்போகிற ராஜ்யம். அங்கேதான் எழுவாய் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் மொழி. 1956ல் மலபார் பிரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோருடைய வீடும் பாட்டும் அழுகையும் மலையாளத்துக்குப் போயின. சுவரும் தோட்டாவும் இங்கே தங்கின. செத்த இடம் ஒரு மொழியிலும் செத்தவன் வேறு மொழியிலும் இருந்தால் அந்தச் சாவை எந்த மொழி எழுதும்? மொழிவாரி மாநிலம் ஞாபகத்தையும் வாரியாகப் பிரித்துக்கொண்டது. சேலத்துக்காரனுக்கு அது மலையாளிகள் விஷயம், மலையாளிக்கு அது தொலைவில் ஒரு ஊரின் பெயர்.

மூன்றாவது காரணம் கட்சிக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பாதையில் நடந்து அவர்கள் அங்கே போனார்களோ அந்தப் பாதை தவறு என்று கட்சி ஓரிரு வருஷங்களில் தீர்மானித்தது. 1952 தேர்தலில் நின்று சட்டசபைக்குள் உட்கார்ந்தது. தவறான தீர்மானத்துக்காகச் செத்தவனை எப்படிப் பாடுவது? தியாகி என்று சொல்லிவிட்டுத் தீர்மானத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது கட்சி கண்ட வழி. ஆனால் கலைக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட வேண்டும். புனம் கேட்டது தவறல்ல. கைதியாக இருந்தும் மனிதனாக நடத்தச் சொன்னது தவறல்ல. அவனைக் கடைசியில் அந்தக் கூடத்தில் நிறுத்திய அரசியல் கணிப்பு தவறு. இந்த மூன்றும் ஒரே உடலுக்குள் இருந்தன. இதைச் சொல்லத் தெரியாத விமர்சனம் சிலை வைக்கலாம், அல்லது சிலையை உடைக்கலாம்.

இந்தச் சமவெளியிலிருந்து ஒரு கவிஞரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை 1930ல் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். ரத்தம் சிந்தாத யுத்தம் என்ற எண்ணம் தமிழில் எல்லோர் வாயிலும் புழங்கக் காரணம் அவர். 1949ல் சென்னை அரசு அவரை ஆஸ்தான கவியாக்கியது. மறு வருஷம் அவர் பிறந்த ஜில்லாவின் தலைநகரில், அதே அரசின் சிறையில் ரத்தம் சிந்தியது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அவர் நேர்மையான மனிதர், சிறை சென்றவர், எழுதியதை நம்பி எழுதியவர். நான் சுட்ட விரும்புவது அந்தப் பாட்டின் விதியை. அகிம்சையைப் பற்றிய பாட்டு எதிராளியைப் பார்த்துப் பாடப்பட்டது. எதிராளியின் நாற்காலியில் நாமே உட்கார்ந்த பிறகு அதை யாரைப் பார்த்துப் பாடுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பாட்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

நவீனர்களான நாம் இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தட்டிக்கழித்தோம். 'எழுத்து' 1959ல் வந்தது. நடத்திய செல்லப்பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். அப்படியும் நம் கவிதை சாவைத் தனிமனிதனின் அறைக்குள் மட்டுமே பார்த்தது. கண்ணாடி, நிழல், கட்டில், சாவு. தனிமனித சாவு பொய்யல்ல. சேலம் சிறையில் செத்த ஒவ்வொருவனுக்கும் அதுதான் நேர்ந்தது. 22 பேர் என்பது எண். செத்தது ஒவ்வொருவராக. நம் தனிமனித வாதம் உண்மையானதாக இருந்திருந்தால் அந்த எண்ணை உடைத்து ஆட்களாக்கும் வேலை நம்முடையதாகத்தான் இருந்திருக்கும். கட்சிக்கு எண் போதும், அரசுக்கு எண்கூட வேண்டாம். ஆள் வேண்டியிருப்பது நமக்கு.

ஆகவே நான் கேட்பது வீரகாவியமோ அஞ்சலிக் கவிதையோ அல்ல. கம்பர்ட் செய்த முதல் காரியம் எளிமையானது. எத்தனை பேர் என்று எண்ணி, அவர்களில் ஒருவன் குரலை எடுத்துக்கொண்டான். நாம் செய்யக்கூடிய முதல் காரியமும் அதே அளவுக்கு எளிமையானது. கண்ணூர்ப் பக்கத்து மலையாளப் பதிவுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது. இருபத்திரண்டு பெயர்களை ஊர்ப்பெயரோடு ஒரு பக்கத்தில் வரிசையாக அச்சிடுவது. அதற்கு மேலே ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தில் 'மாண்டனர்' என்று எழுதாமல் 'சுட்டோம்' என்று எழுத நம்மில் யாருக்குக் கை வருகிறது என்று பார்க்கலாம். பயனிலை தன்மைப் பன்மையில் முடியும்போது எழுவாயைத் தனியாக எழுத வேண்டியதில்லை. தமிழில் அதற்கு வசதி இருக்கிறது.